அரிசி ஓட்டானது, கூலி ஓட்டாகவில்லை

1967 பொதுத் தேர்தலைப் பற்றித் தமிழில் எழுதப்படுகிறவை பெரும்பாலும் 1965 மொழிப் போராட்டத்தில் தொடங்கி, கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் சுவரொட்டியில் முடியும். இரண்டுமே அந்தத் தேர்தலின் உண்மைகள்தான். ஆனால், தாமிரபரணிக் கரையில் நின்று பார்க்கிறவருக்கு, அதிலும் ஆற்றையும் கன்னடியன் கால்வாயையும் அண்டி இரண்டு போகம் நெல் எடுக்கும் சேரன்மகாதேவியில் நின்று பார்க்கிறவருக்கு, அந்தத் தேர்தல் முதலில் அரிசியாகத்தான் தெரியும். நாற்று நட்டுக் கதிர் அறுக்கும் வீடுகளே கடையில் அரிசி வாங்க வழியில்லாமல் நின்ற காலம் அது. அரிசி விலை ஆட்சியைக் கவிழ்க்கும் என்று அந்தத் தேர்தல் கட்சிகளுக்குக் கற்றுக் கொடுத்தது. கட்சிகளும் மறக்கவில்லை. அதே ஆற்றங்கரை கேட்ட இன்னொன்றை, கூலியை, அவை இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அன்றைய நாட்டு நிலவரம் இளைய தலைமுறைக்கு நம்ப முடியாததாக இருக்கும். 1962-ல் சீனப் போர், 1965-ல் பாகிஸ்தான் போர். 1964 மே மாதம் நேரு மறைந்தார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தார். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தது. 1964-65-ல் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல், மறு ஆண்டே 7.2 கோடி டன்னுக்கு இறங்கியது. 1966-ல் மட்டும் ஒரு கோடி டன் அளவுக்குத் தானியம் கப்பலில் வந்து இறங்கியது. அதில் பெரும்பகுதி பி.எல்.480 ஏற்பாட்டின்படி வந்த அமெரிக்கக் கோதுமை. வியட்நாம் போரை இந்தியா குறை சொன்னதில் கோபம் கொண்டிருந்த அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன், கப்பல்களை அளந்து அளந்துதான் விட்டார். திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று சாஸ்திரி நாட்டைக் கேட்டுக்கொண்டதும் இந்த நெருக்கடியில்தான். 1966 ஜூன் 6-ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்தது ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசாயிற்று. உலக வங்கியும் அமெரிக்காவும் நெருக்கியதால் எடுத்த முடிவு அது. காங்கிரஸ் கட்சித் தலைவராக இருந்த காமராஜருக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐந்தாண்டுத் திட்டமே மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது.

இதன் விளைவுகள் பம்பாய் வழியாகவும் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தன. தாராவியிலும் மாதுங்காவிலும் பிழைத்த நெல்லைக்காரர்களின் மணியார்டரை நம்பி இங்கே எத்தனையோ வீடுகள் இருந்தன. மதிப்புக் குறைப்புக்குப் பதின்மூன்று நாள் கழித்து, 1966 ஜூன் 19-ல், அந்த நகரத்தில் சிவசேனை தொடங்கப்பட்டது. தென்னிந்தியர்கள் மராட்டியரின் வேலையைப் பறிக்கிறார்கள் என்பதுதான் அதன் முதல் குரல். வேலையும் சோறும் சுருங்கிய காலத்தில் அந்தக் குரலைக் கேட்க ஆட்கள் சேர்ந்தார்கள்.

இனி ஊருக்கு வருவோம். தாமிரபரணிப் பாசனத்தில் ஆண்டுக்கு இரண்டு போகம். ஆனியில் நட்டு ஆவணி, புரட்டாசியில் அறுப்பது கார். புரட்டாசி, ஐப்பசியில் நட்டு மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். அறுப்புக் கூலியை நெல்லாக அளப்பது வழக்கம். அதற்குக் கொத்து என்று பெயர். காரில் வாங்கிய கொத்து எத்தனை மரக்காலாக இருந்தாலும் தை மாதம் வரை தாக்குப் பிடிப்பது கடினம். அதற்குப் பிறகு பிசானம் களத்துக்கு வரும் வரை கடையில்தான் வாங்க வேண்டும். 1967 தேர்தல் நடந்தது பிப்ரவரியில். வயலில் கதிர் முற்றிக்கொண்டிருக்கும். வீட்டுப் பானையில் நெல் இருக்காது. விவசாயக் கூலி வீடுகளில் ஆண்டிலேயே மிக ஒடுங்கிய வாரங்கள் அவை. அந்த வாரங்களில் அரிசி விலை ஏறியிருக்கிறபோது வாக்குப்பெட்டி வந்தது.

மேற்கே மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே அரிசித் தட்டுப்பாடு இங்கைவிடக் கடுமை. மாநிலம் விட்டு மாநிலம் அரிசி போகத் தடை இருந்ததால், செங்கோட்டை வழியாகக் கடத்தினால் நல்ல காசு. நிலம் வைத்திருந்தவருக்கும் வியாபாரிக்கும் விலை ஏற்றம் லாபம். அரசுக் கொள்முதலும் கட்டுப்பாடுகளும் எரிச்சல். கொத்து வாங்கிப் பிழைத்தவருக்கோ விலை ஏற்றம் பட்டினி. ஒரே வயலின் வரப்பில் நின்ற இந்த இரண்டு தரப்பும் காங்கிரஸ் மீது கோபமாக இருந்தன, எதிரெதிரான காரணங்களுக்காக.

அந்த முரணை அப்படியே அள்ளிச் சேர்த்துக்கொண்டது அண்ணா அமைத்த கூட்டணி. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, தானியத்தின் மீது அரசின் கட்டுப்பாடே கூடாது என்றது; பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யத்தை ஒழிப்பதுதான் அதன் கொள்கை. திராவிட முன்னேற்றக் கழகமோ ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று மேடைதோறும் சொன்னது. மலிவு விலை அரிசி வேண்டுமென்றால் அரசு கொள்முதல் செய்தாக வேண்டும், கட்டுப்பாடு இருந்தாக வேண்டும். கட்டுப்பாடு வேண்டாமென்றால் விலை விற்பவர் கையில். இரண்டு வாக்குறுதியும் ஒரே மேடையில் நின்றன. பண்ணையாரும் கதிர் அறுப்பவரும் ஒரே அணிக்கு ஓட்டுப் போட முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் வென்றவர் சுதந்திராக் கட்சியின் எஸ். சேவியர்.

காங்கிரஸின் மீது மக்கள் அடியோடு வெறுப்புக் கொண்டுவிட்டார்கள் என்று சொல்வதும் சரியில்லை. மணிமுத்தாறு அணை 1958-ல் முடிந்தது காமராஜர் ஆட்சியில். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான மதிய உணவு 1956-ல் தொடங்கியது அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில். சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கிய ஓட்டு ஏறக்குறைய 41 சதவீதம். குறைவான இடங்களில் நின்ற தி.மு.க.வின் ஓட்டு அதைவிடச் சற்றே குறைவு. ஓட்டு சிதறாமல் கூட்டணி பார்த்துக்கொண்டதால் தி.மு.க. 137 இடங்களில் வென்றது. மக்களவையில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று. தெற்கே தென்காசியும் நாகர்கோவிலும் அவற்றில் அடக்கம். விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். நாட்டின் உணவு அமைச்சராக இருந்து, அதிக விளைச்சல் விதைகளைக் கொண்டுவருவதற்காகப் போராடிய சி. சுப்பிரமணியம் கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றார். அவர் கொண்டுவந்த விதைகள் சில ஆண்டுகளில் தானியப் பஞ்சத்தைத் தீர்த்தன. அதற்கான நன்றி அவருக்குத் தேர்தலில் கிடைக்கவில்லை. பசித்த வீடு விதையை எண்ணி ஓட்டுப் போடாது. அதைக் குறையாகவும் சொல்ல முடியாது.

ஒரு படி நிச்சயம் என்றது என்ன ஆயிற்று? 1967 மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுக்கத் தொடங்கினார்கள். கஜானா தாங்காததால் திட்டம் அந்த நகரங்களைத் தாண்டவில்லை. நெல் அறுத்த சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் அந்தப் படி வரவே இல்லை. ஆனால் அந்த வாக்குறுதியின் கடன் தமிழ்நாட்டு அரசியலின் தலையில் நின்றது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் பிறந்தது. நாடு முழுக்க ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிய 1997-க்குப் பிறகும் தமிழ்நாடு எல்லோருக்கும் கொடுத்தது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-ல் விலையே இல்லை. இலவசம் என்று இதை இழிவாகப் பேசுகிறவர்கள், மாசி மாதத்தில் பானை காலியாக இருந்த ஒரு வீட்டின் ஓட்டிலிருந்து இந்த அரிசி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். அரை நூற்றாண்டில் தமிழ்நாடு செய்த மிகப் பெரிய காரியங்களில் இது ஒன்று.

சேரன்மகாதேவிக்குச் சோற்றையும் அரசியலையும் பிணைக்கும் இன்னொரு பழைய நினைவும் உண்டு. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் இங்கேதான் இருந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் பணம் கொடுத்த அந்த இடத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று தெரிந்தபோது எழுந்த கிளர்ச்சி, பெரியாரைக் காங்கிரஸுக்கு வெளியே தள்ளிய காரணங்களுள் ஒன்று. ஐயர் 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார். அதே ஆண்டு நவம்பரில் பெரியார் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேறினார். 1967-ல் அரியணை ஏறிய இயக்கத்தின் வேர்களில் ஒன்று இந்த ஊர்ப் பந்தியில் இருக்கிறது. அந்த ஆண்டு தேர்தலில் பெரியார் காமராஜரோடு நின்றார் என்பதும், பெரியாரின் நெடுநாள் அரசியல் எதிரியான ராஜாஜி அண்ணாவோடு நின்றார் என்பதும் தனிக் கதை.

பந்தியில் சமம் வந்தது, அரிசி வந்தது. கூலிதான் நின்றுபோயிற்று. அண்ணா ஆட்சிக்கு வந்து இரண்டு ஆண்டு முடியுமுன், 1968 டிசம்பர் 25-ல், கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து போனார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கம் கூடுதல் கூலி நெல் கேட்டதிலிருந்து வந்த பகை அது. அதன் பிறகு 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது, தஞ்சை வட்டாரத்தை மையமாக வைத்து. 1961-ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கராக இருந்த நில உச்சவரம்பு 1970-ல் 15 ஆனது. கோயில், மடங்களின் நிலத்துக்கு விலக்கு இருந்ததால், அவற்றின் வயல்கள் நிறைந்த தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்தச் சட்டத்தின் கை நீளம் குறைவு.

1999-க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் அரசு மக்களவையில் ஒரே ஓட்டில் விழுந்தது. மே மாதம் கார்கிலில் சண்டை மூண்டது. செப்டம்பர் தொடங்கித் தேர்தல். தி.மு.க. பாரதிய ஜனதா கூட்டணியில் சேர்ந்தது. அதை ஏற்காத மூப்பனாரின் தமிழ் மாநிலக் காங்கிரஸ் தனி அணி கண்டது. நாடே எல்லையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், சேரன்மகாதேவிக்கு மேற்கே தெரியும் மலையில் தேயிலை பறித்தவர்கள் கூலி உயர்வு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் பாம்பே பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட சுமார் 8,370 ஏக்கர் காட்டில் எழுந்த தோட்டங்கள். ஜமீன் ஒழிந்து நிலம் அரசுக்கு வந்த பிறகும் குத்தகை தொடர்ந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் தென்மாவட்டத் தலித் குடும்பங்கள், மூன்று நான்கு தலைமுறையாக அந்த லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். கூலிக்காகப் போராடி 652 பேர் சிறையில் இருந்தார்கள். அவர்களை விடுவிக்கவும் கூலிப் பிரச்சினையைத் தீர்க்கவும் கேட்டு, புதிய தமிழகம் கட்சியும் தமிழ் மாநிலக் காங்கிரஸும் முன்னின்று நடத்திய ஊர்வலம் 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலியில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போனது. போலீஸ் தடியடி நடத்தியது. ஓடிய கூட்டத்துக்குப் போக ஆற்றைத் தவிர வழியில்லை. 17 பேர் செத்தார்கள். அவர்களில் பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. வயலுக்கு நீர் தருகிற அதே ஆறு. மூன்று நாள் கழித்துக் கார்கில் வெற்றி அறிவிக்கப்பட்டது.

நீதிபதி மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது அரசு. தேர்தல் நடந்தது. தமிழ்நாட்டின் 39 இடங்களில் பாரதிய ஜனதா, தி.மு.க. அணிக்கு 26, அ.தி.மு.க. அணிக்கு 13. கூலிக்காக ஊர்வலம் போன அணிக்கு ஓரிடமும் இல்லை. திருநெல்வேலியில் வென்றவர் அ.தி.மு.க.வின் பி.எச். பாண்டியன், சேரன்மகாதேவி சட்டமன்றத் தொகுதியில் 1977 முதல் நான்கு முறை தொடர்ந்து வென்றவர், பேரவைத் தலைவராக இருந்தவர். மூன்றாம் அணிக்கு இடமில்லாத தேர்தல் முறைதான் இதற்குக் காரணம் என்று ஒருவர் சொல்லலாம். கணக்கு அப்படித்தான் சொல்லும். ஆனாலும் 17 உயிர் போன ஏழெட்டு வாரத்தில் நடந்த தேர்தலில், வென்ற இரண்டு பெரிய அணிகளில் எதற்கும் தோட்டத் தொழிலாளியின் தினக் கூலி தலையாய பேச்சாக இருக்கவில்லை என்பது அந்த ஆற்றங்கரைக்கு நேர்ந்த இரண்டாவது துயரம். 1967-ல் அரிசி விலையை மேடையேற்றிய அரசியல், 1999-ல் கூலியை மேடையேற்ற மறுத்தது.

ஏன் இப்படி? அரிசி விலை எல்லா வீட்டையும் தொடுகிறது. நிலம் வைத்திருப்பவர், வாத்தியார், கடைக்காரர், கூலிக்காரர் எல்லோரும் அரிசி வாங்குகிறார்கள். அரசு தன் கஜானாவிலிருந்து கொடுத்துவிட்டால் ஊரில் யாரோடும் பகை இல்லை. கூலி அப்படியில்லை. ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவர் கொடுத்தாக வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் கட்சிக்கு நன்கொடை தருகிறவர், ஒன்றியச் செயலாளரின் உறவினர், அல்லது தோட்டம் வைத்திருக்கும் கம்பெனி. கூலி கேட்கிறவர் இன்ன சாதி என்று முத்திரை குத்திவிட்டால் மற்றச் சாதிக் கூலிக்காரர்களும் விலகி நிற்பார்கள். மாஞ்சோலையின் கூலிக் கோரிக்கையைச் சாதிக் கட்சியின் விவகாரமாக மற்றவர்கள் பார்த்ததுதான் அதைத் தனிமைப்படுத்தியது.

2024-ல் ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. சேரன்மகாதேவி என்ற சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போய், ஊர் அம்பாசமுத்திரம் தொகுதியில் சேர்ந்து பல ஆண்டு ஆகிவிட்டது. மலைத் தோட்டங்களும் அதே தொகுதிதான். அங்கிருந்தவர்களும் ஓட்டுப் போட்டார்கள். ஜூன் 4-ல் எண்ணிக்கை. திருநெல்வேலியில் காங்கிரஸின் ராபர்ட் புரூஸ் வென்றார். ஜூன் மத்தியில் தோட்ட வேலை நின்றது. குத்தகை 2028-ல்தான் முடிகிறது என்றாலும் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள்; அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் நடுவில் இருக்கும் நிலம் மறுபடி காடாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தாமிரபரணியும் மணிமுத்தாறும் அந்தக் காட்டை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் காட்டுக்கான நியாயத்தின் விலையை, அந்தக் காட்டில் இலை பறித்தவர்கள் மட்டும் ஏன் கட்ட வேண்டும்?

2024 தேர்தலில் கூலி என்ற சொல்லே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். நாளொன்றுக்கு 400 ரூபாய் தேசியக் குறைந்தபட்சக் கூலி என்று காங்கிரஸ் தேர்தல் அறிக்கையில் இருந்தது. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக் கூலி 294-லிருந்து 319 ஆக உயர்ந்ததும் பிரசாரம் சூடாக இருந்த மார்ச் மாதத்தில்தான். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஊர் ஊராகப் பேசியிருக்கலாம். பேச்சு வேறு பக்கம் போனது.

வயலுக்கும் மலைக்கும் அடுத்து இந்த வட்டாரத்தில் பெண்களுக்குக் கைகொடுப்பது பீடி. முக்கூடல், வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று தெருத் தெருவாகத் திண்ணையிலும் அடுக்களை வாசலிலும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலை நறுக்கித் தூள் வைத்துச் சுற்றுகிறார்கள். ஆயிரத்துக்கு இத்தனை என்று கூலி; கழிவு என்று தள்ளுவதற்குக் கூலி இல்லை. இவர்களுக்காக 1966-ல், அதாவது அந்த அரிசித் தேர்தலுக்குச் சற்று முன்னால், நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. 1976-ல் நல நிதியும் அதற்கான தீர்வையும் வந்தன. அந்த நிதியில் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை கிடைத்தது, மருந்தகம் கிடைத்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது தீர்வையை ரத்து செய்தார்கள். 2019-லும் 2024-லும் நடந்த இரண்டு மக்களவைத் தேர்தல்களில் அந்தத் தீர்வைக்கு ஈடாக என்ன என்று திருநெல்வேலி வேட்பாளர்களிடம் உரக்கக் கேட்டிருக்க வேண்டும். பீடி உடம்புக்குக் கேடு, தொழில் சுருங்கத்தான் வேண்டும். சுருங்கும் தொழிலில் இருக்கும் பெண்களுக்கு மாற்று வேலையை முதலில் காட்டுவது அரசின் கடமை.

மாஞ்சோலைக் குத்தகை 2028-ல் முடிகிறது. அடுத்த மக்களவைத் தேர்தல் 2029-ல் வரும். இடையில் இரண்டு போகம் வீதம் அறுப்பு நடக்கும், அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையத்து நெல் களத்துக்கு வரும், ரேஷன் அரிசியும் வரும். கட்சிகள் அரிசியைப் பற்றிப் பேசத் தயாராகவே இருக்கும். நடவுக்கு என்ன கூலி, ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, மலையிலிருந்து இறக்கப்பட்டவர்களுக்கு எந்த ஊரில் வீடு, என்ன வேலை என்று எழுதித் தராத வேட்பாளரின் துண்டறிக்கையைச் சேரன்மகாதேவி பேருந்து நிலையத்தில் யாரும் வாங்க வேண்டாம்.